பொங்கலுக்கு பெங்களூர் ஆளுக வர்றாங்க, மதுரைல காக்டெயில் பார்னு எங்க கூட்டிட்டுப் போறது?

ஐடி_அகதி
வணக்கம் மக்களே. சொந்த ஊரு கோரிப்பாளையம், பொழப்பு பெங்களூர்ல. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற நாலு பேரு, ரெண்டு பசங்க ரெண்டு பொண்ணுங்க, ஜல்லிக்கட்டு பாத்தே ஆகணும்னு பொங்கலுக்கு எங்கூட வர்றாங்க. எல்லாரும் இந்திராநகர் ஆளுங்க, சனிக்கிழமை ஆனா ட்வெல்த் மெயின்ல ஒரு பார்ல ஆரம்பிச்சு நடந்தே அடுத்தது அடுத்ததுன்னு ஏறி இறங்கி, ஒரு எடத்துல நெக்ரோனி, இன்னொரு எடத்துல விஸ்கி சவர்னு குடிச்சுட்டு ராத்திரி ஒரு மணிக்கு கடைய மூடுறப்போ தான் கெளம்புவாங்க. நான் வேற எங்க ஊரு தூங்கா நகரம்டான்னு வருசக்கணக்கா பீத்தி வச்சிருக்கேன். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு பகல்ல பாலமேடு, நைட்டு ஊருக்குள்ள நல்ல காக்டெயில் பாரா பாத்து ஒரு ரவுண்டு, இதான் பிளான். எங்கிட்டு போகலாம்? டீசன்ட்டான எடமா சொல்லுங்க, பொண்ணுங்க வர்றாங்க.

வடக்குமாசி
நடந்தே நாலு பாரா? மாப்ள, இங்க நடந்தே நாப்பது பரோட்டா கடை போகலாம். பார்ல இருந்து பாருக்கு நடக்கணும்னா அது ஜல்லிக்கட்டு இல்ல, பழனி பாதயாத்திரை.

ஷேக்கர்கை
தம்பி, நான் பதினஞ்சு வருசத்துக்கும் மேல ஹோட்டல் பார்ல தான் நிக்கிறேன், இப்போ மதுரைல. உங்க பிளான்ல முதல் அடியே தப்பாட்டம். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு திருவள்ளுவர் தினம், ட்ரை டே. டாஸ்மாக் மட்டும் மூடுவாங்கன்னு நெனைக்காதீங்க, எஃப்எல்2 கிளப்பு, எஃப்எல்3 ஹோட்டல் பாரு எல்லாத்துக்கும் பூட்டு தான். அன்னிக்கு எங்க பார் கவுண்டர்ல நான் கிளாஸ் தொடச்சுட்டு உக்காந்திருப்பேன். வருசா வருசம் வெளியூர்க்காரங்க வந்து லாபில நின்னு ரிசப்ஷன் புள்ளைங்க கிட்ட சண்டை போடுறது இந்த ஒரு நாள்ல தான் ஜாஸ்தி. பிளாக்ல எவனாவது குடுத்தாலும் வாங்கிராதீங்க, உள்ள என்ன ஊத்திருக்கான்னு அவனுக்கே தெரியாது.

ஐடி_அகதி
ஆத்தி! அண்ணே நல்லவேளை சொன்னீங்க. அப்போ பொங்கல் அன்னிக்கு அவனியாபுரம் பாத்துட்டு அந்த நைட்டே வச்சுக்கலாமா? இல்ல அலங்காநல்லூர் முடிஞ்ச அன்னிக்கா?

ஷேக்கர்கை
ரெண்டுல எதுன்னாலும் சரி. ஆனா அலங்காநல்லூர் முடிச்சு வர்றப்போ ஆளு புழுதியில உருண்ட காளை மாதிரி இருப்பீங்க, ரூமுக்கு போய் குளிச்சுட்டு எறங்குறதுக்கே எட்டு ஆயிரும். பொங்கல் நைட்டு தான் தேவல.

இப்போ நீங்க கேட்டதுக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா போகும். இந்திராநகர் மாதிரி ஒரு தெரு மதுரைல ஏன் இல்லன்னா, ஆசை இல்லாம இல்ல, லைசென்ஸ் அப்படி. தமிழ்நாட்டுல சில்லறை விற்பனை 2003ல இருந்து டாஸ்மாக் கையில மட்டும் தான், மத்தியானம் 12ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். அத விட்டா ரூம் வச்சிருக்கிற ஹோட்டலுக்கு எஃப்எல்3, மெம்பர் கிளப்புக்கு எஃப்எல்2. ஒரு பய நல்ல பார்டெண்டரா இருக்கான், சின்னதா பத்து சேர் போட்டு தெருவோரமா ஒரு காக்டெயில் கடை திறப்போம்னு நெனைச்சான்னா முடியாது, அவன் மொதல்ல லாட்ஜ் கட்டணும். அதனால இங்க பாருங்கிறது ஹோட்டலோட ஒரு மூலை, அம்புட்டு தான். அந்த ஹோட்டலும் ஒண்ணு பசுமலைல, ஒண்ணு அழகர்கோவில் ரோட்டுல, ஒண்ணு பைபாஸ்ல, ஒண்ணு ரிங் ரோட்டுல கெடக்கும். எங்கிட்டு நடந்து போவீங்க? சரக்கும் நாங்க டாஸ்மாக் டிப்போல இருந்து தான் எடுக்கணும், அவங்ககிட்ட என்ன பிராண்டு வருதோ அதுக்கேத்த மாதிரி தான் மெனு ஓடும். நெக்ரோனிக்கு ஜின், கேம்பரி, ஸ்வீட் வெர்மூத் மூணும் சரிக்கு சரி வேணும். மூணுல ஒண்ணு இல்லன்னா அது நெக்ரோனி இல்ல, ஏதோ ஒண்ணு. மெனு கார்டுல போட்டிருக்கும், கேட்டா "சார் ஸ்டாக் இல்ல சார்"னு வரும். அப்படிச் சொல்ற ஆளு நான் தான்.

தெப்பக்குளத்தான்
பசுமலைல மலை மேல இருக்கிற பழைய வெள்ளக்காரன் பங்களா ஹோட்டல் இருக்குல்ல, சாயங்காலம் அஞ்சரைக்கு போனா தோட்டத்துல உக்காந்து கீழ ஊரு மொத்தத்தையும் பாக்கலாம், கோபுரம் நாலும் தெரியும், மயில் வேற குறுக்க நடக்கும். குடிக்கிறது ரெண்டாம்பட்சம், அந்த எடத்துக்காக போகலாம். இன்னொன்னு மேலக்கால் ரோட்டுல பழைய மதுரா கிளப் இருந்த எடத்துல இப்போ இருக்கிற ஹோட்டல், இலங்கைக்காரரு ஜெஃப்ரி பாவா கைபட்ட கட்டடம், ஆலமரத்தடில நின்னாலே காசு செமிச்சிரும். பொண்ணுங்கள கூட்டிட்டு போக இந்த ரெண்டும் ஓகே.

புதூர்_பங்காளி
ஜல்லிக்கட்டு பாக்க வர்றவனுக்கு எதுக்குய்யா தண்ணி? மாடு பிடிக்கிறவன் விரதம் இருந்து எறங்குறான், பாக்க வர்றவன் விஸ்கி சவர் கேக்குறான். ஊரு பேர கெடுக்காதீங்க.

வடக்குமாசி
பங்காளி, நீங்க போன தடவ போட்ட போஸ்ட்ல கையில இருந்தது பன்னீர் சோடா தானே? நம்புறோம்.

செல்லூர்க்காரி
நான் ஒரு விஷயம் கேக்கவா. "டீசன்ட்டான எடம், பொண்ணுங்க வர்றாங்க"ன்னு ஆளாளுக்கு எழுதுறீங்களே, இந்த ஊர்ல பொறந்து வளந்த எங்களுக்கு அந்த எடம் எதுன்னு யாராச்சும் சொல்லிருக்கீங்களா? பெங்களூர் பொண்ணு வந்தா மலை மேல தோட்டம், மயில். செல்லூர் பொண்ணு ராத்திரி பத்தரைக்கு கீழமாசி வீதில நின்னு ஒரு ஜிகர்தண்டா குடிச்சா நாலு பைக் ஸ்லோ ஆவும். நான் குடிக்கிறதில்ல, குடிக்கிற பொண்ணுங்களும் எனக்கு ஃப்ரெண்டு தான், அது அவங்க இஷ்டம், என் கேள்வி அது இல்ல. தூங்கா நகரம்னு பெருமையா சொல்றீங்களே, முழிச்சிருக்கிறது யாருன்னு பாத்தா முக்காவாசி ஆம்பளைங்க தான். பரோட்டா கடைல "ஃபேமிலி ரூம்"னு ஒரு அறை இருக்கும், காத்தும் வராது கல்லும் தெரியாது, எங்கள அதுக்குள்ள தள்ளி விட்ருவாங்க. கொத்து போடுற சத்தத்த மட்டும் கேட்டுட்டு சாப்டணும். எனக்கு கல்லுப் பக்கத்துல பெஞ்சுல உக்காந்து சால்னாவ குழி வெட்டி ஊத்தி சாப்டணும், அவ்ளோதான் என் நைட் லைஃப்.

அதனால தம்பி, உங்க ஃப்ரெண்டு பொண்ணுங்கள கூட்டிட்டு வர்றப்போ ஃபேமிலி ரூமுக்குள்ள போகாதீங்க. வெளிய பெஞ்சுலயே உக்காருங்க. ஒரு நாளாச்சும் ஊரு பழகட்டும்.

ஐடி_அகதி
அக்கா நியாயமான கேள்வி. கண்டிப்பா வெளிய தான் உக்காருவோம். நீங்களும் வாங்களேன்.

செல்லூர்க்காரி
பாக்கலாம் பாக்கலாம், மொதல்ல எந்தக் கடைன்னு சொல்லு. கடை சரியா இருந்தா தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன்.

அரசரடி70
நான் இந்த ஊர்ல எழுபது வருசமா இருக்கேன், ஒரு பெருசு பேசுனா கொஞ்சம் பொறுமையா படிங்க. மதுரை ராத்திரி முழிச்சிருந்தது சரக்குனால இல்ல. ஒண்ணு மில்லு. ஹார்வி மில்லுல ராத்திரி ஷிப்ட் விட்டு வர்றவனுக்கு பசிக்கும், அவனுக்காக கடை திறந்திருக்கும். ரெண்டாவது பஸ்ஸு. அப்போ பெரியார் பஸ் ஸ்டாண்டும் கட்டபொம்மன் சிலை பக்கமும் ராத்திரி முழுக்க தென் மாவட்டத்து வண்டி எல்லாம் வந்து போவும், எறங்குனவன் ஒரு டீ குடிக்காம போவானா. மூணாவது மார்க்கெட், கோயில் பக்கத்துலயே சென்ட்ரல் மார்க்கெட், நடுச்சாமத்துல காய்கறி லோடு எறங்கும், லோடுமேனுக்கு இட்லி வேணும். நாலாவது செகண்ட் ஷோ. தங்கம் தியேட்டர் 1952ல திறந்தது, 2,500 பேருக்கு மேல உக்காரலாம், ஆசியாலயே பெரிசும்பாங்க, அது விட்டா மேலப்பெருமாள் மேஸ்திரி வீதில தேரு பாக்க வந்த கூட்டம் மாதிரி ஜனம் கொட்டும். ஒண்ணரை மணிக்கு பரோட்டாவும் குடலும் சுடச்சுட. இப்போ மில்லு சங்கு கேக்கல, வெளியூர் பஸ்ஸு மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் போயிருச்சு, மார்க்கெட்டும் மாட்டுத்தாவணி போயிருச்சு, தங்கம் இருந்த எடத்துல ஜவுளிக்கடை. நாலு காலும் போன கட்டில்ல படுத்துக்கிட்டு தூங்க மாட்டேன்னு சொல்றோம்.

தெப்பக்குளத்தான்
ஐயா சூப்பர். ஆனா பெருமை அதுக்கும் முன்னாடியே இருக்குல்ல, மதுரைக்காஞ்சியிலயே அல்லங்காடின்னு ராத்திரிக் கடைத்தெரு வருதே.

அரசரடி70
வருது வருது. அதே பாட்டுல ரெண்டாஞ் சாமத்துல கடைய அடைக்கிறதும் வருது, அடை அப்பம் விக்கிறவன் உக்காந்தபடியே தூங்குறான்னும் வருது. அத எழுதுன மாங்குடி மருதனாருக்கே தெரிஞ்சிருக்கு.

வடக்குமாசி
ஐயா வேற லெவல் 😂

இன்னொரு காரணத்த விட்டுட்டீங்க, போலீஸ். 2019லயே கவர்மெண்ட் ஆர்டர் போட்டாச்சு, பத்து பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற கடை 24 மணி நேரமும் திறந்து வச்சுக்கலாம்னு. பேப்பர்ல. நேர்ல பதினொன்னு ஆனா ஜீப்பு வந்து மைக்ல "கடைய எடு கடைய எடு"ன்னுவாய்ங்க, பாதி ஷட்டர எறக்கிட்டு உள்ள கொத்து போடுவாங்க. நம்மாளு குனிஞ்சு உள்ள போயி சாப்ட்டு குனிஞ்சு வெளிய வருவான். பெங்களூர்ல இதத்தான் ஸ்பீக்ஈஸின்னு காசு வாங்குறானாம், கதவு எங்கன்னு தெரியாத பாரு.

ஐடி_அகதி
ஆமாண்ணே அங்க ஒரு பாருக்கு புத்தக அலமாரிய தள்ளுனா கதவு. இங்க ஷட்டர். இது போதுமே பயலுகளுக்கு.

ஷேக்கர்கை
சரி, குடிக்கிற விஷயத்துக்கே வருவோம், அதுக்குத்தானே கேட்டாப்ல. ஹோட்டல் பாருக்கு போனா மொஜிட்டோ ஆர்டர் பண்ணாதீங்க. பாதி எடத்துல புதினாவ துவையலுக்கு அரைக்கிற மாதிரி இடிச்சு வச்சிருப்பாங்க, கசக்கும். புதினாவ லேசா அமுக்கணும், வாசனை வந்தா போதும். உக்காந்த உடனே பார்டெண்டர் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எலுமிச்சம்பழம் இப்போ புழிவீங்களா, பாட்டிலா?" பாட்டில்னா பேசாம ரம்மும் சோடாவும் வாங்கிக்கங்க, காசு மிச்சம். இப்போ புழியுறோம்னு சொன்னா டாக்கிரி கேளுங்க. வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சை ஒரு 25 முப்பது, சர்க்கரையும் தண்ணியும் சரிக்கு சரி போட்ட பாகு 20, நல்லா ஐஸ் போட்டு ஷேக்கர் வெளிய பனி பிடிக்கிற வரைக்கும் குலுக்கணும். இதுல மறைக்க ஒண்ணும் இல்ல, ஆளு கைய காட்டிக்குடுத்துரும். ஐஸும் பாத்துக்கங்க, நடுவுல ஓட்டை இருக்கிற குழாய் ஐஸ்னா சீக்கிரம் உருகி தண்ணியாயிரும், ஓல்டு ஃபேஷன்ட் மாதிரி மெதுவா குடிக்கிற ஐட்டத்துக்கு அது சரிப்படாது.

ஆனா மனசுல இருக்கிறத சொல்றேன். நம்ம ஊர்ல இருக்கிற சாமான வச்சே செய்யலாம், எவனும் செய்ய மாட்டேங்கிறான். நன்னாரி சர்பத் இருக்கே, அந்த மண்ணு வாசனைக்கும் ஜின்னுல இருக்கிற ஜூனிபருக்கும் அப்படி ஒரு பொருத்தம், எலுமிச்சையும் சோடாவும் ஊத்துனா போதும். கருப்பட்டிப் பாகுல டார்க் ரம். இஞ்சி தட்டிப் போட்ட பாகுல விஸ்கி சவர். ஜிகர்தண்டாவுல சரக்கு ஊத்தித் தாங்கன்னு ஒரு கஸ்டமர் கேட்டாரு, அப்படியே ஊத்தி எலுமிச்சையும் போட்டா பால் திரிஞ்சு அசிங்கமாயிரும். ஆனா திரிய விட்டே செய்யுற வித்தை ஒண்ணு இருக்கு, மில்க் பஞ்ச்னு இங்கிலீஷ்காரன் முன்னூறு வருசமா பண்றான். ரம், எலுமிச்சை, சர்க்கரை எல்லாம் கலந்து அத பால்ல ஊத்தணும், திரிஞ்ச பால் கசடு எல்லாத்தையும் இழுத்துக்கும், துணில மெதுவா வடிகட்டுனா கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி வரும், குடிச்சா பால் மழமழப்பு மட்டும் நாக்குல நிக்கும். நான் சுண்டக் காய்ச்சுன பால், நன்னாரி, டார்க் ரம் வச்சு பண்ணேன், ஸ்டாஃபுக்கு மட்டும். மேனேஜர் குடிச்சுட்டு நல்லாருக்கு, மெனுல வேணாம், இங்க எவன் கேப்பான்னுட்டாரு. நீங்க நாலு பேரு வந்து கேளுங்க.

செல்லூர்க்காரி
அண்ணே அந்த நன்னாரி சமாச்சாரத்த சரக்கு இல்லாம பண்ணித் தருவீங்களா? நான் கேப்பேன் மெனுல.

ஷேக்கர்கை
தாராளமா தங்கச்சி. நன்னாரி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, இஞ்சிச் சாறு, சோடா. அதே கிளாஸ்ல, அதே ஐஸ்ல. குடிக்காதவங்களுக்கு ஸ்ட்ராவும் ஆரஞ்சு ஜூஸும் நீட்டுறது தான் எங்க தொழில்லயே எனக்கு ஆகாத பழக்கம்.

புதூர்_பங்காளி
நன்னாரி நல்ல ஐடியா. ஒத்துக்கிறேன்.

மல்லிச்சரம்
எல்லாரும் ராத்திரி பன்னெண்டோட முடிக்கிறீங்க. நாங்க அப்பத்தான் ஆரம்பிக்கிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடைல இருக்கேன். விடியக்காலம் ஆகுறதுக்குள்ள சுத்துப்பட்டு ஊர்ல இருந்து மூட்டை மூட்டையா பூ வந்து எறங்கும், மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி. தை மாசம் பனில மல்லி வரத்து கொறைஞ்சு கெடக்கும், அதே நேரம் பொங்கலு, முகூர்த்தம்னு எல்லாருக்கும் வேணும், அதனால கிலோ ஆயிரக்கணக்குல ஏறி நிக்கும், ஒரு மணி நேரத்துல வெல மாறும். அந்த ஏலச் சத்தத்த கேட்டா உங்க டிஜே எல்லாம் சும்மா. 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூ, மொட்டா இருக்கிறப்பவே பறிச்சு அனுப்புவாங்க, ராத்திரி தான் விரியும். அந்தப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் வாங்கிக் குடுங்க, பஸ் ஏறி பெங்களூர்ல எறங்குற வரைக்கும் மணக்கும். நடுவழில நின்னு போட்டோ மட்டும் எடுக்காதீங்க, தலைல மூட்டையோட வர்றவனுக்கு கண்ணு தெரியாது.

ஐடி_அகதி
அண்ணே இது செம. அப்போ வரிசை இப்படி வச்சுக்கலாமா: சாயங்காலம் பசுமலைல உக்காந்து ஊர பாத்துக்கிட்டே ஒண்ணே ஒண்ணு, அப்புறம் ஊருக்குள்ள வந்து கறிதோசை, ஜிகர்தண்டா, கொஞ்சம் தூங்கிட்டு விடிகாலைல பூ மார்க்கெட். கோயிலும் பாக்கணும்னு ஒருத்தி சொல்றா, ராத்திரி பள்ளியறை பூஜை.

அரசரடி70
குடிச்சுட்டு கோயிலுக்கு போகாதீங்க தம்பி, அது ஒண்ணு மட்டும். பள்ளியறை பூஜைக்கு சொக்கநாதர் பாதம் பல்லக்குல அம்மன் சந்நிதிக்கு போவும், ஒம்பதரை வாக்குல. பாக்கணும்னா அத வேற ஒரு நாளு வச்சுக்கங்க. எப்படியும் மாட்டுப்பொங்கல் அன்னிக்கு உங்களுக்கு வேற வேலை இல்லியே, ட்ரை டே. போன் உள்ள விட மாட்டாங்க, அதுவும் சொல்லி வையுங்க.

வடக்குமாசி
அப்போ மாட்டுப்பொங்கல் கோயில், பொங்கல் அன்னிக்கு பாரு. ஐயா அட்டவணை போட்டுட்டாரு.

கறிதோசைக்கு சிம்மக்கல் கோனார் கடைக்கு போங்க, அடில தோசை மாவு, நடுவுல முட்டை, மேல கொத்துக்கறி, கனமா இருக்கும், ஆளுக்கு ஒண்ணு சொல்லாதீங்க, ரெண்டு பேருக்கு ஒண்ணு. பொங்கல் அன்னிக்கு பாதிக் கடை லீவு, வேலைக்காரப் பயலுக ஊருக்கு போயிருப்பாய்ங்க, முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்க. ஜிகர்தண்டாவுக்கு வெளக்குத்தூண். கடல்பாசி, நன்னாரி, சுண்டுன பாலு, மேல ஐஸ்கிரீம். தை குளிர்ல எதுக்குன்னு கேப்பாய்ங்க, குடிச்சுட்டு ரெண்டாவது கேப்பாய்ங்க. குளிர்னு அடம் பிடிச்சா பருத்திப்பால் வாங்கிக் குடு, சுக்கு காரத்தோட தொண்டைக்கு எதமா இருக்கும்.

ஐடி_அகதி
கார் எங்க விடுறது? மாசி வீதில நிறுத்துனா போலீஸ் பூட்டு போடுறாங்கன்னு அப்பா சொல்றாரு.

தெப்பக்குளத்தான்
ஐயா சொன்ன பழைய சென்ட்ரல் மார்க்கெட் எடத்துல தான் இப்போ மல்டி லெவல் பார்க்கிங் கட்டிருக்காங்க, வடக்கு ஆவணி மூல வீதி. ஆனா குடிச்சிருந்தா காரே எடுக்காத. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா கேஸு, முதல் தடவைக்கே பத்தாயிரம் அபராதம், ஜெயிலும் உண்டு. பொங்கல் டைம்ல பெரியார் பக்கம், காளவாசல், ஆவின் சந்திப்பு எல்லாத்துலயும் ஊத சொல்லுவாய்ங்க.

ஷேக்கர்கை
அதுக்குத்தான் பசுமலைல இருந்து எறங்குறப்பவே ஒரு ஆட்டோவ பேசி வச்சுக்கங்க, போக வர வெயிட்டிங் சேத்து. ராத்திரி மீட்டர் பேச்சே கெடையாது, ஏறுறதுக்கு முன்னாடி ரேட்ட முடிச்சுருங்க. வயசும் பாத்துக்கங்க, இங்க 21. பாண்டிச்சேரில 18னு வந்து வாதாடுற பயலுகள தினம் பாக்குறேன்.

செல்லூர்க்காரி
ஆட்டோல அஞ்சு பேரு ஏற முடியாது, ரெண்டு ஆட்டோ பேசு. நானும் தங்கச்சியும் நேரா சிம்மக்கல் வந்துர்றோம், ஒம்பது மணிக்கு. கடை லீவான்னு நான் நேர்லயே போய் கேட்டுட்டு இங்க போடுறேன், சாயங்காலம் அந்தப் பக்கம் தான் வேலை.

ஐடி_அகதி
சூப்பர்க்கா. அண்ணே ஷேக்கர்கை, நீங்க எந்த ஹோட்டல்னு தனி மெசேஜ்ல போடுங்க. அந்த மில்க் பஞ்ச் வடியுறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? முன்னாடியே சொல்லணுமா?

ஷேக்கர்கை
ஒரு ராத்திரி ஃபுல்லா வடியணும். அதனால முதல் நாளே சொல்லிருங்க, எத்தன பேருன்னும் சொல்லுங்க. மேனேஜர் கிட்ட நான் பேசிக்கிறேன்.